பதிவேட்டில் இடமில்லாத மதம்

பழைய இரும்பு வாங்கி விற்கும் கடைக்கு நம்மவர்கள் "காயலான் கடை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்று சொல்வார்கள். அந்தப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஊரைப் பற்றி அற்பமாக எண்ணிவிடக் கூடாது. திருச்செந்தூருக்குச் சற்று வடக்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்குத் தெற்கே, மணலும் பனையும் சூழ்ந்திருக்கும் ஊர் அது. காயல் என்ற பெயர் ஒரு காலத்தில் பாரஸீகக் கரைத் துறைமுகங்களில் எல்லாம் வழங்கிய பெயர்.

1290-களில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ, ஹொர்மூஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் காயல் துறைமுகத்தில் தங்குகின்றன என்று எழுதி வைத்தார். அவர் கண்ட காயல், ஆற்று முகத்தருகே உள்ள பழையகாயலா, இன்றைய காயல்பட்டினமா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. கால்டுவெல் பாதிரியார் பழையகாயல் மணலைக் கிளறிச் சீனத்துப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்து, அதுவே மார்க்கோ போலோவின் காயல் என்று தீர்ப்புச் சொன்னார். இன்றைய காயல்பட்டினத்தார் அந்தத் தீர்ப்பை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

வழக்கு எப்படித் தீர்ந்தாலும், அந்தக் குதிரைகள் எங்கிருந்து வந்தன என்பதில் சந்தேகமில்லை. வஸ்ஸாப் என்ற பாரஸீகச் சரித்திராசிரியர், ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் இக்கரைக்கு வந்தன என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார் விலை என்றும் கணக்குச் சொல்கிறார். கணக்கில் சற்று மிகை இருக்கலாம். இந்த வாணிபத்தில் பெரும் பங்கு கிஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீனுடையது. ஷிராஸைத் தலைநகராகக் கொண்ட பார்ஸ் மாகாணத்தின் வரிக் குத்தகையையும் எடுத்தவர் அவர். அவருடைய சகோதரர் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னரிடம் மந்திரியாக இருந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களை நிர்வகித்தார்.

சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் மானியம் விட்ட பாண்டியர், வேற்று மதத்தவரும் வேற்று மொழியினருமான ஒருவரைத் தம் துறைமுகங்களுக்கு அதிகாரியாக வைத்தார். புண்ணியத்துக்காகச் செய்தார் என்று சொல்ல முடியாது. அவருக்குக் குதிரை வேண்டியிருந்தது; குதிரை கொண்டு வருகிறவர் வேண்டியிருந்தார். காரணம் எதுவாயினும், எண்ணிக்கையில் சிறுத்த அந்தக் கூட்டத்தாருக்கு இங்கே ஓர் இடம் இருந்தது. அவர்கள் இன்ன மதத்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அவர்களுடைய வரவு செலவும் வாழ்வும் நின்றுவிடவில்லை.

இவ்வளவும் இங்கே ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். அந்த ஷிராஸ் நகரத்திலேதான், ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு புது மதம் பிறந்தது. இன்று பாரஸீக நாடாகிய ஈரானில் முஸ்லிம் அல்லாத மதத்தவர்களில் மிகப் பெரிய தொகையினர் அந்த மதத்தார்தான். ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் அந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரி இடமில்லை. அந்நிய தேசத்திலிருந்து குதிரை கொண்டு வந்தவர்களுக்குக் காயலில் கிடைத்த இடம், ஷிராஸில் பிறந்தவர்களுக்கு ஷிராஸில் கிடைக்கவில்லை. பஹாய் மதத்தாரின் கதை அதுதான்.

வாயில் என்று பெயர் பூண்டவர்

1819-ம் வருஷம் ஷிராஸில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்தவர் ஸையத் அலி முகம்மது. இளமையில் தந்தையை இழந்து தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். வாலிபப் பிராயத்தில் வளைகுடாக் கரையிலுள்ள பூஷஹர் துறைமுகத்தில் வாணிபம் பார்த்தார். பம்பாயோடு ஓயாத சரக்குப் போக்குவரத்து உள்ள துறைமுகம் அது.

ஷியா முஸ்லிம்கள், ஹிஜிரி 260-ல் மறைந்த தங்கள் பன்னிரண்டாவது இமாம் மீண்டும் வெளிப்படுவார் என்று காத்திருப்பவர்கள். ஹிஜிரி 1260 நெருங்க நெருங்க, ஆயிரம் ஆண்டு நிறைகிறதே என்ற எதிர்பார்ப்புப் பலர் மனத்தில் மூண்டிருந்தது. அந்த ஹிஜிரி ஆண்டில், அதாவது 1844 மே மாதத்தில், இருபத்து நான்கு வயது வணிகர் தம்மைப் "பாப்" என்று அறிவித்துக்கொண்டார். "வாயில்" என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். தமக்குப் பின் இன்னும் பெரியவர் ஒருவர் வரப்போகிறார் என்றும் அவர் போதித்தார்.

முதன்முதல் அவரை ஏற்றுக்கொண்ட பதினெண்மரில் ஒருவர் இந்தியர். ஸயீத் ஹிந்தி என்று அவரைச் சொல்வார்கள். இன்னொருவர் பெண், கஸ்வின் நகரத்துக் கவியரசி தாஹிரா. மூல்தானைச் சேர்ந்த, கண் பார்வையற்ற இந்திய ஸையத் ஒருவரும் பின்னால் பாபின் அடியாராகி, பாரஸீகத்திலேயே கொல்லப்பட்டார். ஆக, இந்த மதத்தின் முதல் ஏட்டிலேயே நம் நாட்டார் பெயர் இருக்கிறது.

தாஹிராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1848-ல் பதஷ்த் என்ற ஊரில் பாபின் அடியார்கள் கூடிய சபையில், முகத்திரை இல்லாமல் ஆடவர் நடுவே வந்து நின்றவர் அவர். சபையில் இருந்தவர்களே திடுக்கிட்டுப் போனார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து டெஹ்ரானில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று கிணற்றில் தள்ளினார்கள். நம் நாட்டு மகாகவி இக்பால் 1932-ல் வெளியிட்ட தம் "ஜாவித் நாமா" காவியத்தில், வியாழ மண்டலத்தில் சஞ்சரிக்கும் மூன்று ஆன்மாக்களைச் சந்திப்பதாகப் பாடியிருக்கிறார். ஒருவர் ஹல்லாஜ், மற்றொருவர் காலிப், மூன்றாமவர் தாஹிரா. இஸ்லாத்தில் அசையாத பற்றுக்கொண்ட கவி, மதம் மாறிய ஒரு பெண்ணை அந்த வரிசையில் வைத்தது சிறிய காரியமன்று.

பாபை 1850 ஜூலை 9-ம் தேதி தப்ரீஸ் நகரத்துச் சதுக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து, அவருடைய அடியார்களில் புத்தி பேதலித்த சிலர் பழிவாங்குவதாக எண்ணி ஷாவின் மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். ஷாவுக்குப் பெருங்காயம் இல்லை. ஆனால் அந்த ஒரு குற்றத்துக்காக நாடெங்கும் அடியார்களைத் தேடித் தேடிக் கொன்ற கொடுமையை அங்கிருந்த ஐரோப்பியர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் களேபரத்தில் சிறைப்பட்டவர்களில் ஒருவர் மிர்ஸா ஹுஸைன் அலி. ஷாவின் அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தவரின் குமாரர். டெஹ்ரானில், ஒரு காலத்தில் நீர்த்தேக்கமாக இருந்து பின்னர் சிறையாக்கப்பட்ட இருட்டுப் பள்ளத்தில், கழுத்தில் இரும்புச் சங்கிலியோடு நான்கு மாதம் கிடந்தார். 1853-ல் நாடு கடத்தப்பட்டுப் பாக்தாத் போனார். பாப் சொன்ன அந்தப் பெரியவர் தாமே என்று 1863-ல் அங்கே அறிவித்தார். அவரே பஹாவுல்லா. துருக்கி சுல்தானின் அரசாங்கம் அவரைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும், பிறகு அட்ரியநோபிளுக்கும், கடைசியில் 1868-ல் பாலஸ்தீனக் கரையிலுள்ள அக்கா கோட்டைச் சிறைக்கும் அனுப்பியது. 1892-ல் அந்நகருக்கு அருகிலேயே காலமானார்.

இந்த நாடு கடத்தலை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில், பஹாயிகளின் தலைமை ஸ்தலம் இஸ்ரேல் நாட்டின் ஹைபாவில் இருக்கிறது, ஆகவே அவர்கள் இஸ்ரேலின் ஒற்றர்கள் என்று ஈரானிய அதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள். இஸ்ரேல் என்ற நாடு 1948-ல் உண்டாயிற்று. பஹாவுல்லாவை அந்தப் பக்கம் கொண்டு போய்ச் சிறை வைத்தது, அதற்கு எண்பது ஆண்டு முன்னால், ஒரு முஸ்லிம் சுல்தானின் ஆட்சி. முதலில் அவரைத் தன் நாட்டிலிருந்து துரத்தியது பாரஸீக ஷாவின் சர்க்கார்.

அவர்கள் நம்புவதென்ன? கடவுள் ஒருவர், மனித குலம் ஒன்று, எல்லா மதங்களும் ஒரே ஊற்றிலிருந்து காலத்துக்குக் காலம் வெளிப்பட்டவை. ஆணும் பெண்ணும் சமம். புரோகிதர் வகுப்புக் கிடையாது. ஊருக்கு ஊர் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் காரியங்களை ஒப்படைக்கிறார்கள். பத்தொன்பது நாள் கொண்ட பத்தொன்பது மாதமும், மீதிக்கு நாலைந்து உபரி நாட்களும் சேர்ந்தது அவர்களுடைய ஆண்டு. கட்சி அரசியலில் இறங்குவதில்லை. இருக்கும் அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிவது மார்க்கக் கடமை. இன்னொன்றும் உண்டு: உயிருக்கு ஆபத்து வந்தாலும் தன் மதத்தை மறைத்துப் பொய் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியின் விலை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முஸ்லிம் நாடுகளில் இவர்களுக்கு நேர்ந்த சங்கடத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நபிகள் நாயகத்துக்குப் பின் நபி இல்லை என்பது இஸ்லாத்தின் அடிப்படைக் கொள்கை. காயல்பட்டினத்தில் ஓதும் சிறு பிள்ளைக்கும் அது தெரியும். பஹாயிகளோ அவருக்குப் பின்னும் இறைவனின் தூதர் வந்தார் என்கிறார்கள். யூதரும் கிறிஸ்தவரும் ஜரதுஷ்டிரரும் இஸ்லாத்துக்கு முற்பட்டவர்கள். அவர்களுக்கு ஷரீஅத்தில் ஓர் இடம் உண்டு. பிற்பட்டு வந்த மதத்துக்கு எந்த இடம் கொடுப்பது? மார்க்க அறிஞர்களுக்கு இது மெய்யான சிக்கல். கொள்கையை விட்டுக் கொடுக்கும்படி எந்த முஸ்லிமையும் கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒருவனுடைய கொள்கை தவறு என்று சொல்வது ஒன்று. அவன் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றுவது வேறொன்று.

சென்னைக்காரர் ஒருவர்

1870-களில் பஹாவுல்லாவின் கட்டளைப்படி ஜமால் எபெண்டி என்ற பாரஸீக முதியவர் இந்தியாவுக்கு வந்தார். பக்கீர் வேஷத்தில் வடக்கும் தெற்கும் சுற்றினார். அவருடைய போதனையில் ஈடுபட்டவர்களில் ஒருவர் ஸையத் முஸ்தபா ரூமி. குடும்பம் பாக்தாதிலிருந்து வந்தது, ஊர் சென்னை. இருவரும் 1878-ல் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ரங்கூனிலும் மாந்தளையிலும் பஹாய் சபைகள் அமைந்தன. ரங்கூன் அக்காலத்தில் செட்டியார்களும் சோலியா முஸ்லிம்களுமாகத் தமிழ்ப் பேச்சு நிறைந்த பட்டணம் என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

தப்ரீஸில் கொல்லப்பட்ட பாபின் உடலை அடியார்கள் ஐம்பது ஆண்டு காலம் இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்திருந்து, 1899-ல் பாலஸ்தீனம் கொண்டு சேர்த்தார்கள். அதை வைப்பதற்கான சலவைக்கல் பேழையைச் செய்து அனுப்பியவர்கள் பர்மா பஹாயிகள். ரங்கூனிலிருந்து அதைக் கொண்டு சென்றவர்களில் முஸ்தபா ரூமியும் ஒருவர். ஹைபாவில் கார்மேல் மலைச் சரிவில் 1909 மார்ச் 21-ம் தேதி அந்தப் பேழையில் உடலை அடக்கம் செய்தார்கள். ஷிராஸ் வணிகரின் அஸ்திக்கு வங்கக் கடலைக் கடந்து போன கல் இடம் கொடுத்தது.

ரூமி பிறகு ஐராவதி ஆற்றின் கழிமுகப் பகுதியில் தைதனா என்ற கிராமத்தில் தங்கிவிட்டார். பர்மிய மொழியில் நூல்கள் வெளியிட்டார். அந்தக் கிராமத்தாரில் பெரும்பாலோர் பஹாயிகளானார்கள். 1945-ல், யுத்தத்தின் கடைசிக் குழப்பத்தில், ஒரு வெறிக்கும்பல் அந்தக் கிராமத்தில் புகுந்தது. தொண்ணூறு வயதைத் தாண்டிய முதியவரென்றும் பாராமல் ரூமியைக் கொன்றார்கள். பாரஸீகத்துக்கு வெளியிலும், முஸ்லிம் ஆட்சி இல்லாத இடத்திலும் இந்த மதத்தாருக்கு இரத்தம் சிந்த நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பம்பாயின் கதை வேறு. பாபின் தாய்மாமன் வழிக் குடும்பத்தார் அங்கே வாணிபம் நடத்தியதோடு அச்சுக்கூடமும் வைத்திருந்தார்கள். ஈரானில் அச்சிட முடியாத பஹாய் நூல்கள் 1880-களில் பம்பாயில் அச்சாகிக் கப்பல் ஏறின. பின்னர் யஸ்து நகரத்து ஜரதுஷ்டிரர்களில் பஹாயிகளானவர்கள் பலர் பம்பாயிலும் புனாவிலும் குடியேறினார்கள். அந்நகரங்களில் இரானிக் கடை என்று பெயர் பெற்ற தேநீர்க் கடைகள் சிலவற்றுக்கு அவர்களே சொந்தக்காரர்கள். 1986-ல் புது தில்லியில் திறக்கப்பட்ட தாமரைக் கோயிலைப் பார்க்காத யாத்திரிகர் இல்லை. அதைச் சமைத்த சிற்பி பரிபூர்ஸ் ஸஹ்பா ஈரானியர். நிலம் வாங்க உதவியது, ஹைதராபாத் நகரில் வாழ்ந்த அர்தஷீர் ருஸ்தம்பூர் என்ற ஈரானியப் பஹாயி தம் ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்த பணம்.

2011-ம் வருஷத்து ஜனக் கணக்கில் இந்தியாவில் 4,572 பஹாயிகள் பதிவாகியிருக்கிறார்கள். சமூகத்தார் சொல்லும் தொகை இதைவிடப் பல மடங்கு பெரியது. எது சரி என்ற தகராறு இருந்துகொண்டே இருக்கிறது. தகராறு செய்வதற்காவது ஒரு பதிவு இருக்கிறது.

கத்தியிலிருந்து காகிதத்துக்கு

ஈரானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் வழக்கம் எளிதாக இருந்தது: ஒரு முல்லா தூண்டிவிடுவார், கும்பல் புறப்படும், வீடுகள் எரியும். 1903-ல் யஸ்து நகரில் நடந்த கொலைகள் அந்த வகை. அதன் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, வேலை கும்பலின் கையிலிருந்து காரியாலயங்களின் கைக்கு மாறியது. சரித்திரத்தில் கவனிக்க வேண்டிய மாறுதல் இது.

டெஹ்ரானில் 1899-ம் ஆண்டளவில் பஹாயிகள் தர்பியத் என்ற பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார்கள். பெண்களுக்கும் தனிப் பள்ளி சில ஆண்டுகளில் உண்டாயிற்று. பெண் கல்வி அரிதாயிருந்த அந்தத் தேசத்தில் முஸ்லிம் குடும்பங்களும் தங்கள் குழந்தைகளை அங்கே அனுப்பின. 1934-ல், தங்கள் புனித நாளில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள் என்ற காரணத்துக்காக ரேஸா ஷாவின் சர்க்கார் பள்ளிகளை மூடியது. முல்லாக்களுக்கு எதிரி என்று பேர் வாங்கிய அரசர் அவர். பஹாயிகளைப் பொறுத்த வரையில், புது நாகரிக அரசரும் பழைய முல்லாவும் பல சமயங்களில் ஒரே பக்கம் நின்றார்கள்.

அவருடைய குமாரர் காலத்தில் இது இன்னும் தெளிவாயிற்று. 1955-ம் வருஷத்து ரமலான் மாதத்தில் பல்ஸபி என்ற பிரசங்கி பஹாயிகளுக்கு எதிராகச் செய்த பிரசங்கங்களை சர்க்கார் வானொலி நாடெங்கும் பரப்பியது. டெஹ்ரானிலுள்ள பஹாயிகளின் தேசிய நிலையத்தை ராணுவம் கைப்பற்றியது. அதன் குவிமாடத்தை இடித்தபோது ராணுவத் தலைமைத் தளபதியே அங்கே இருந்தார். உலக நாடுகளில் கண்டனம் எழுந்த பிறகே கூச்சல் அடங்கிற்று.

1979-ல் ஷா போனார். இஸ்லாமியக் குடியரசு வந்தது. புதிய அரசியல் சட்டத்தின் 13-வது பிரிவு, ஜரதுஷ்டிரர், யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூவரே அங்கீகாரம் பெற்ற சிறுபான்மை மதத்தார் என்று திட்டவட்டமாகச் சொல்லிற்று. அவர்கள் எல்லோரையும்விடத் தொகையில் மிகுந்த பஹாயிகளின் பெயர் அதில் இல்லை. அதே வருஷத்தில் ஷிராஸில் பாப் முதன்முதல் தம்மை வெளிப்படுத்திய வீட்டை இடித்துத் தள்ளினார்கள்.

1980 ஆகஸ்டு 21-ம் தேதி, பஹாயிகளின் தேசிய சபை உறுப்பினர் ஒன்பது பேரும் கூடியிருந்த இடத்திலிருந்து கொண்டு போகப்பட்டார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று குடும்பத்தாருக்குச் சொன்னவர் இல்லை. அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது பேரில் எட்டுப் பேரை 1981 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். புரட்சிக்குப் பின் வந்த ஆண்டுகளில் இருநூறுக்கு மேற்பட்ட பஹாயிகள் உயிரிழந்தார்கள். மதத்தை மறுத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் விடுதலை என்று பலரிடம் சொன்னார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மனிதர்களின் குற்றம் என்ன என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1983 ஜூன் 18-ம் தேதி ஷிராஸ் நகரில் பத்துப் பெண்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களில் மிக இளையவள் மோனா மஹ்மூத்நிஷாத், வயது 17. குழந்தைகளுக்கு மத வகுப்பு நடத்தினாள் என்பது அவள்மேல் வந்த குற்றச்சாட்டு. ஒருத்தி தூக்கில் தொங்குவதை மற்றவர்கள் பார்க்கும்படி ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள் என்று சொல்கிறார்கள். இதற்கு மேல் எழுதப் பேனா ஓடவில்லை.

அந்த ஆண்டே பஹாய் சபைகளைச் சட்ட விரோதம் என்று அறிவித்தார்கள். அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிவது தங்கள் கடமை என்று சொல்லி, சபைகளைத் தாங்களே கலைத்துவிட்டார்கள்.

உலகத்தின் கண்டனத்தால் தூக்கு மரம் ஓரளவு ஓய்ந்தது. ஆனால் 1991-ல் ஒரு ரகசியக் குறிப்பு எழுதப்பட்டது; 1993-ல் ஐக்கிய நாடுகளின் பிரதிநிதி அதை உலகத்துக்கு வெளியிட்டார். பஹாயிகளின் முன்னேற்றத்தை அடைக்க வேண்டும், பஹாயி என்று தெரிந்தால் சர்வகலாசாலையில் இடம் கொடுக்கலாகாது, படித்துக்கொண்டிருந்தாலும் நீக்க வேண்டும், உத்தியோகம் தரலாகாது. இதுதான் அதன் சாரம். மேலிடத்தின் ஒப்புதலும் அதில் இருந்தது. உயிரை எடுக்கவில்லை, உயிர் வாழ்வதற்கான ஒவ்வொரு படியையும் எடுத்துவிட்டார்கள்.

பஹாயிகள் சும்மா இருக்கவில்லை. வேலையிழந்த பேராசிரியர்கள் சேர்ந்து 1987-ல் ஒரு சர்வகலாசாலையை ஏற்படுத்தினார்கள். அதற்குக் கட்டடம் கிடையாது. இவர் வீட்டுக் கூடத்தில் கணிதம், அவர் வீட்டுச் சமையலறையில் ரசாயனம், மற்றதெல்லாம் தபாலில். நம் நாட்டில் திண்ணைப் பள்ளிக்கூடம் எழுத்தறிவித்தது. அங்கே வீட்டுக் கூடங்களில் பட்டப் படிப்பே நடந்தது. 1998-ல் அதிகாரிகள் நூற்றுக்கணக்கான வீடுகளில் புகுந்து புத்தகங்களையும் கருவிகளையும் வாரிக்கொண்டு போனார்கள். 2011-ல் மறுபடியும் ஆசிரியர்களைச் சிறையில் அடைத்தார்கள். ஆனாலும் அங்கே பயின்றவர்களை மேல்படிப்புக்கு ஏற்றுக்கொண்ட வெளிநாட்டுச் சர்வகலாசாலைகள் பல.

கடைக்காரர்கள் நிலை இன்னொரு விதம். தங்கள் புனித நாளில் கடையை மூடினால், மறுநாள் திறக்க முடியாதபடி அதிகாரிகள் முத்திரை வைத்துவிடுகிறார்கள். இறந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஷிராஸில் பஹாயிகளின் பழைய இடுகாட்டை 2014-ல் தோண்டிப் போட்டார்கள். பத்துப் பெண்களின் உடல்களும் அங்கேதான் இருந்தன.

ஒரு சிறு கோடு

ஈரானைத் தவிர்த்து எகிப்து தேசத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 1925-ல் பெபா என்ற ஊர் ஷரீஅத் நீதிமன்றம், பஹாயிகளான சிலருடைய விவாகங்களை ரத்துச் செய்து, இவர்கள் முஸ்லிம்களல்லர், இது தனி மதம் என்று தீர்ப்பளித்தது. தண்டனையாக வந்த அந்தத் தீர்ப்பைப் பஹாயிகள் ஒரு விதத்தில் கொண்டாடினார்கள். தனி மதம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதல்லவா! ஆனால் 1960-ல் ஜனாதிபதி நாஸர் ஓர் ஆணையால் சபைகளைக் கலைத்து உடைமைகளைப் பறிமுதல் செய்தார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அடையாள அட்டையில் மதம் எழுதியாக வேண்டும். இஸ்லாம், கிறிஸ்தவம், யூதம் என்ற மூன்றுதான் எழுதலாம். அட்டை இல்லாவிட்டால் பள்ளியில்லை, வங்கியில்லை, ஆஸ்பத்திரியில்லை. வழக்குப் போட்டார்கள். 2006-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜயித்து, அதே ஆண்டு டிசம்பரில் மேல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். தங்கள் மதத்தின் பெயரை எழுத வேண்டாம், பொய்ப் பெயரையும் எழுத வேண்டாம், ஒரு கோடு மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று மறுபடியும் கேட்டார்கள். 2009 மார்ச்சில் அந்தக் கோடு கிடைத்தது. மூன்று ஆண்டு வழக்காடி, மதம் என்ற இடத்தில் ஒரு சிறு கோட்டைச் சம்பாதித்ததை வெற்றி என்பதா, வேறென்ன என்பதா என்று தெரியவில்லை. ஆனால் அந்தக் கோடு பொய் சொல்லவில்லை.

பேசிய முஸ்லிம்கள்

இந்தக் கதையை ஒரு மதத்தார் மேல் பழியாகப் படிப்பவர்கள் தவறிப் போவார்கள். பஹாயிகளுக்காக ஈரானில் துணிந்து பேசியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்களே. 2008-ல் சமூகத்தின் காரியங்களைக் கவனித்து வந்த எழுவரைக் கைது செய்தபோது, அவர்களுக்காக வாதாட முன்வந்தவர் நோபல் பரிசு பெற்ற ஷிரின் எபாதி அம்மையார். அதே 2008-ல் ஆயத்துல்லா முந்தஸரி, பஹாயிகளும் இந்நாட்டுப் பிரஜைகள், பிரஜைக்குரிய உரிமைகள் அவர்களுக்கு உண்டு என்று எழுதினார். ஒரு காலத்தில் கோமேனியின் வாரிசாகக் குறிக்கப்பட்ட பெரிய மார்க்க அறிஞர் அவர். பஹாய் மதத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மனிதரை ஒப்புக்கொண்டார். 2014-ல் ஆயத்துல்லா மஸூமி டெஹ்ரானி என்பவர், பஹாவுல்லாவின் வாசகம் ஒன்றைத் தம் கையால் சித்திர எழுத்தில் தீட்டி, உலகத்துப் பஹாயிகளுக்குக் காணிக்கையாக அனுப்பினார்.

2016-ல் அந்த எழுவரில் ஒருவரான பரிபா கமாலாபாதி சில நாள் விடுப்பில் சிறையிலிருந்து வந்தபோது, முன்னாள் ஜனாதிபதி ரப்ஸஞ்சானியின் மகள் பாயிஸா அவருடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். சிறைக்குள் இருவரும் முன்பே பழகியவர்கள். ஒரு பெண் தன் சிநேகிதியைப் பார்க்கப் போனதற்கு நாடு முழுவதும் கூச்சல் எழுந்தது. தகப்பனாரே மகளைக் கண்டித்தார். பாயிஸா வருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்.

எழுவரும் பத்தாண்டுச் சிறைவாசம் முடிந்து 2017-லும் 2018-லும் வெளியே வந்தார்கள். அவர்களில் சிறையிலிருந்தே கவிதை எழுதிப் புகழ் பெற்ற மஹ்வஷ் ஸாபெத் அம்மையாரையும், பரிபாவையும் 2022 ஜூலையில் மறுபடியும் பிடித்து, மேலும் பத்தாண்டு தண்டனை விதித்தார்கள்.

இதற்கிடையில் 2020 ஜனவரியில் ஈரானிலும் அடையாள அட்டை விவகாரம் வந்தது. அதுவரை விண்ணப்பத்தில் நான்கு மதங்களின் பெயரோடு "ஏனையவை" என்று ஒரு கட்டமும் இருந்தது. பஹாயிகள் அதில் குறியிட்டு வந்தார்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். அட்டை இல்லாமல் வங்கியில் கடன் வாங்க முடியாது. வாகனம் வாங்க முடியாது. வீட்டை விற்க முடியாது. முஸ்லிம் என்றோ கிறிஸ்தவர் என்றோ ஒரு குறி போட்டுவிட்டால் எல்லாம் கிடைக்கும். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்குப் போன பஹாயி, எந்தக் கட்டத்திலும் குறி போடாமல் நின்றார்.